குப்பைக்குப் போன மருந்து கடைக்குத் திரும்பிய கதை! முதியோர் இல்லங்களே, உஷார்!

திருவண்ணாமலை:

தேதி முடிஞ்ச மருந்தைக் குப்பையில் வீசினால் தொல்லை விட்டது என்று நினைக்கிறீர்களா? விடாது!

2010 மார்ச் மாதம் சென்னையையே உலுக்கிய வழக்கு ஞாபகம் இருக்கும். கொடுங்கையூர் குப்பை மேட்டுக்கு வந்த காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, பழைய தேதியை அழித்து, புதுத் தேதி போட்டு விற்பனைக்கு விட்டது ஒரு கும்பல். பலர் கைதானார்கள். சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தனர்.

அந்தக் கும்பலுக்கு முதல் எது? லேபிள் கிழியாமல் வீசப்பட்ட அட்டையும் பாட்டிலும்தான்!

முதியோர் இல்லங்களிலும் நர்சிங் ஹோம்களிலும் ஆபத்து வேறு வழியில் வரும். அட்டையைப் பிரித்து எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டினால் பெயரும் போச்சு, தேதியும் போச்சு. சர்க்கரை மாத்திரையும் வெள்ளை, ரத்தக் கொதிப்பு மாத்திரையும் வெள்ளை! ஆள் மாறிக் கொடுத்தால், சில சர்க்கரை மாத்திரைகள் ரத்தத்தில் சர்க்கரையைக் கிடுகிடுவென இறக்கி, உயிருக்கே உலை வைத்துவிடும்.

என்ன செய்யணும்?

ஆளுக்கொரு டப்பா. மேலே பெயர், மருந்து, வேளை. மாத்திரை அட்டையோடவே இருக்கட்டும். அலமாரிக்குப் பூட்டு, சாவி நர்சிடம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும், உறைந்துவிட்டால் உதவாது.

தேதி முடிந்ததைத் தனியே ஒதுக்குங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி அது போக வேண்டிய இடம் மஞ்சள் பை. தெருக் குப்பைத்தொட்டி அல்ல.

சாப்பிடும்வரை லேபிளைக் காப்பாத்துங்க. கழிக்கும்போது அதைக் கிழிக்காம விடாதீங்க!