நிறையும் நிரலும்

ஒருவரை மற்றொருவருக்கு மேலே வைத்துப் பார்க்கும் ஆசை மனிதனோடு உடன்பிறந்தது. கம்பன் பெரியவனா, இளங்கோ பெரியவனா என்று இலக்கிய வட்டங்களில் எழும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. விளையாட்டுலகிலும் இத்தகைய தீராத வழக்குகள் பல உள. அவற்றுள் ஒன்று, குத்துச்சண்டையின் வெல்டர் நிறைப் பிரிவில் எக்காலத்துக்கும் தலைசிறந்த வீரர் யார் என்பது. இலக்கியப் பக்கத்தில் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடினார். அப்பாடல் புறநானூற்றில் இடம்பெற்றிருக்கிறது. இருவர் எதிரெதிர் நின்று வலிமையை அளந்துகொள்வது தமிழ்ப் புலவனின் கண்ணுக்குத் தகாத பொருளாகத் தோன்றியதில்லை.

முதலில் நிறையைப் பற்றிச் சில சொற்கள். வெல்டர் நிறைப் பிரிவின் உச்ச எல்லை 147 இறாத்தல். இக்கால அளவையில் ஏறத்தாழ 66.7 கிலோகிராம். பாரநிறை வீரனைப் போல அசுர உடல் படைத்தவன் இங்கே இல்லை. வயலிலும் மலையிலும் உழைக்கும் சாதாரண மனிதனின் நிறை இது. ஆகவேதான், உடற்பருமனால் வெல்வதும் வெறும் வேகத்தால் வெல்வதும் இப்பிரிவில் அரிது. வலிமை, விரைவு, அறிவு மூன்றும் ஒருவனிடம் ஒருங்கே சேர வேண்டும். தமிழில் ‘நிறை’ என்ற சொல்லுக்கு எடை என்பது ஒரு பொருள். நெஞ்சுறுதி என்பது மற்றொரு பொருள். இரு பொருளும் பொருந்தும் இடம் இந்தக் கோதா.

நிரல்படுத்தப் புகுமுன் விதிகளை வகுத்துக்கொள்வது முறை. விதியின்றி வகுக்கும் பட்டியல் வெறும் விருப்பப் பட்டியலாகவே முடியும். நாம் கொள்ளும் விதிகள் மூன்று. ஒன்று, இந்த நிறையில் செய்த வினைகளை மட்டுமே கணக்கிடல் வேண்டும். இரண்டு, வென்ற எதிரி அப்போது தன் வலிமையின் உச்சத்தில் இருந்தானா என்று நோக்க வேண்டும். மூன்று, யாரை எதிர்த்தான் என்பதோடு, யாரை எதிர்க்கும் வாய்ப்பு யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். மூன்றாவது விதியைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

முதலிடம் சுகர் ரே ரொபின்சனுக்கே உரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. 1943ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜேக் லாமோட்டாவிடம் அவர் ஒருமுறை தோற்றார். லாமோட்டாவோ மத்திய நிறை வீரர், ரொபின்சனைவிடப் பெரிதும் நிறை மிகுந்தவர். அத்தோல்விக்குப் பின் 1951ஆம் ஆண்டு ஜூலையில் இலண்டனில் ராண்டொல்ப் டர்பினிடம் தோற்கும் வரையில் அவரை வென்றார் எவருமில்லை. அதுவும் மத்திய நிறையில் நேர்ந்ததே. எழுபதுக்கு மேற்பட்ட போட்டிகளை வென்ற பின்னரே, 1946ஆம் ஆண்டு டிசெம்பரில், டொமி பெல்லை வென்று வெல்டர் பட்டத்தை அடைய அவருக்கு வழி பிறந்தது. இத்துணைத் திறமை படைத்தவரையும் இத்துணைக் காலம் வாயிலில் காக்க வைத்த உலகம் அது. ‘பவுண்டுக்குப் பவுண்டு’, அதாவது நிறைக்கு நிறை, ஒப்பிட்டால் இவரே தலைசிறந்தவர் என்ற தொடர் இவர் பெயரோடு ஒட்டிப் புகழ்பெற்றது தற்செயலன்று. 1943இல் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங்கையும் இவர் வென்றார். ஆனால், நம் இரண்டாம் விதிப்படி அதனைக் கணக்கிலிருந்து நீக்குகின்றோம். அப்போது ஆம்ஸ்ட்ரோங்கின் பொற்காலம் கழிந்துவிட்டது.

அந்த ஆம்ஸ்ட்ரோங்குக்கே இரண்டாமிடம். 1938 மே 31ஆம் நாள், எல்லையைவிடப் பத்து இறாத்தலுக்கு மேல் குறைந்த உடலோடு கோதாவில் ஏறி, பார்னி ரொஸ்ஸிடமிருந்து வெல்டர் பட்டத்தைப் பறித்தார். அதே ஆகஸ்டில் இலகு நிறைப் பட்டமும் அவர் கைக்கு வந்தது. இறகு நிறைப் பட்டமோ முன்னரே அவரிடம் இருந்தது. இக்காலத்தில் பதினேழு நிறைப் பிரிவுகளும் ஒவ்வொன்றுக்கும் நான்கு பட்டங்களும் மலிந்து கிடக்கின்றன. மொத்தமே எட்டுப் பிரிவுகள் இருந்த காலத்தில் மூன்று மகுடங்களை ஒரே வேளையில் ஒருவர் தாங்கினார் என்பதை இளைஞர் நினைவிற் கொள்ளல் வேண்டும். தோற்ற ரொஸ்ஸும் எளியவரல்லர். போட்டியை நிறுத்த வேண்டாம் என்று தம் பக்கத்தாரைத் தடுத்து, பதினைந்து சுற்றும் நின்றே அடிபட்டார். அந்த 1938ஆம் ஆண்டிலேயேதான் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில், நம் நாட்டு பார்னி ஹென்ரிகஸ் இறகு நிறையில் தங்கப்பதக்கம் வென்று வந்தார் என்பதையும் இங்கே நினைவூட்டுதல் தகும்.

மூன்றாமிடம் சுகர் ரே லெனார்டுக்கு. 1979இல் வில்பிரட் பெனிட்டெஸ், 1980இல் ரொபேர்ட்டோ டுரான், 1981இல் தோமஸ் ஹேர்ன்ஸ் என மூன்று பெருவீரரை, அவரவர் வலிமையோடிருந்த வேளையில், மூன்றாண்டுக்குள் வென்றார். ஹேர்ன்ஸுடனான போட்டியில் நடுவர் மூவரின் கணக்கிலும் பின்தங்கியிருந்தும், பதினான்காம் சுற்றில் ஆட்டத்தை முடித்தார். ‘டுரான் எங்கே?’ என்று கேட்பார் பலர். 1980 ஜூனில் மொன்றியலில் டுரான் லெனார்டை வென்றது மாபெரும் வெற்றிதான். எனினும், டுரானின் புகழ் இலகு நிறையில் விளைந்த புகழ்; இந்த நிறையில் அவர் நின்ற காலம் குறுகியது. ஒரு தராசில் நிறுத்ததை இன்னொரு தராசில் ஏற்றி எழுதுவது கணக்கன்று.

நான்காமிடமும் ஐந்தாமிடமும் கியூபா தீவின் மைந்தர் இருவருக்கு. ஹொசே நாப்போலெஸ், தாயகத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டை தடைசெய்யப்பட்டமையால் மெக்சிக்கோவில் புகலடைந்தவர். அவருடைய அசைவின் வழுவழுப்பைக் கண்டு ‘வெண்ணெய்’ என்று அழைத்தனர். 1969இல் அடைந்த பட்டத்தை, இடையில் சில மாதம் இழந்து மீட்டு, 1975 டிசெம்பர் வரையில் காத்தார். கிட் கவிலானோ 1951 முதல் 1954 வரை சம்பியனாக இருந்தவர். தம் வாழ்நாளில் 143 போட்டிகள் ஆடியும் ஒருமுறையேனும் போட்டி முடியுமுன் வீழ்த்தப்படாதவர். கீழிருந்து வளைத்து வீசும் அவருடைய ‘போலோ’ குத்து உலகப் புகழ் பெற்றது. கரும்புத் தோட்டத்தில் கத்தி வீசிக் கரும்பு வெட்டியதால் அக்குத்து தமக்குக் கைவந்தது என்று அவர் கூறிவந்தார். தோட்டத் தொழிலாளி ஒருவனின் நாட்கூலி உழைப்பே உலகம் வியக்கும் கலையாக மாறியது என்பதைக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளைப் பார்த்து வளர்ந்த நம் மாணவர் எளிதில் உணர்வர்.

இக்காலத்தவரை ஒதுக்குகிறோம் என எண்ண வேண்டா. பிலோய்ட் மேவெதர் தோல்வியே காணாதவர். ஆயினும், 2009 முதலே பேசப்பட்ட பக்கியாவோவுடனான போட்டி 2015 மே மாதம் வரை தள்ளிப்போயிற்று. பழம் கனிந்த பருவம் கடந்தே அது பறிக்கப்பட்டது. டெரன்ஸ் குரோபர்ட் இந்த நிறையில் ஆடிய எட்டுப் போட்டிகளையும் உரிய காலம் முடியுமுன்னரே முடித்து வென்றார். 2023 ஜூலையில் எரல் ஸ்பென்ஸை வென்று நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். திறமையில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் எட்டுப் போட்டிகளின் சுமை, ரொபின்சனும் கவிலானும் சுமந்த சுமைக்கு ஈடாகாது. ஏழாமிடம் அவருக்குத் தகும்.

ஆறாமிடத்தை ஏன் விட்டுவைத்தோம் என்பதைச் சொல்லுமுன், இந்தியாவின் விகாஸ் கிருஷ்ணனை நினைப்போம். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், வெல்டர் நிறையில், இதே ஸ்பென்ஸை 13க்கு 11 என்ற புள்ளிகளில் அவர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்கத் தரப்பு முறையிட்டது. நடுவர் தவறியதாகக் கூறி ஸ்பென்ஸுக்கு நான்கு புள்ளிகள் கூட்டப்பட்டன. முடிவு 15க்கு 13 எனத் தலைகீழாயிற்று. ஸ்பென்ஸ் பின்னர் உலகச் சம்பியனானார். விதிப்படி அம்முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனாலும், கோதாவில் கை ஓங்கி நின்ற ஒருவரின் பெயர் மேசையில் அழிக்கப்படக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அதே வெல்டர் நிறையில், தேயிலை விளையும் அசாமின் கோலாகாட் மாவட்டத்துப் பெண் லவ்லினா போர்கோஹைன், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப்பதக்கம் வென்றார். பெண்களுக்குக் குத்துச்சண்டைக் கோதாவை ஒலிம்பிக் திறந்துவிட்டதே 2012இல்தான். அதற்கு முன்னர் பிறந்த லவ்லினாக்கள் எத்தனை பேர்? எந்தப் பட்டியலில் அவர்களைத் தேடுவது?

ஆறாமிடம் சார்லி பர்லிக்கு. பிற்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின வீரரான இவர் எந்நாளும் சம்பியனானவரல்லர். உலகப் பட்டத்துக்காக ஒருமுறைகூடக் கோதாவில் ஏற விடப்படாதவர். அவரை இங்கே வைப்பது இரக்கத்தாலன்று, கணக்கால். ஆம்ஸ்ட்ரோங்கின் வெல்டர் பட்டத்தை 1940இல் பறித்தவர் பிரிட்சி சிவிக். மறு ஆண்டும் அவரை வென்றவர். அந்தச் சிவிக்கை மூன்று போட்டிகளில் இரண்டில் வென்றவர் பர்லி. பிற்காலத்தில் பாரநிறைக்கு அடுத்த நிறையில் நெடுங்காலம் உலகச் சம்பியனாக விளங்கிய ஆர்ச்சி மூரையும் 1944இல் வென்றார். வென்றால் பெருமையில்லை, தோற்றால் பட்டம் போய்விடும் என்று கணக்கிட்டோர் அவரைத் தவிர்த்தனர். நகரசபைக் குப்பை அள்ளும் தொழில் செய்தே பர்லி வாழ்ந்தார். 1992இல், அவர் மறைந்த ஆண்டில், சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபம் அவர் பெயரைப் பொறித்தது.

‘நடந்ததை வைத்தே நிரல் வகுக்க வேண்டும், நடந்திருக்கக் கூடியதை வைத்தன்று’ என்று மறுப்போர் உளர். அவ்வாதத்தில் நியாயமுண்டு. ஆதலினால்தான் பர்லிக்கு முதலிடமோ இரண்டாமிடமோ நாம் கேட்கவில்லை. சிவிக்கையும் மூரையும் அவர் வென்றது நடந்த செய்தியே. நடவாதது பட்டப் போட்டி ஒன்றே. அது நடவாமைக்கு அவர் பொறுப்பாளியல்லர். பட்டம் பெற்றவனையே வீரன் என்று எழுதும் பட்டியல், வீரத்தை அளப்பதில்லை. வாயிற்காவலன் யாரை உள்ளே விட்டான் என்பதையே அளக்கிறது.

இதனை மலையகத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத்துச் செக்ரோலில் ‘பேர்’ என்றால் ஒருநாள் உழைப்பு என்பது பொருள். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. அன்று மழையோ, மலையில் கொழுந்தே இல்லையோ, தராசு அதைக் கேட்பதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரில் மிகப் பெரும்பாலோரை நாட்டின் பதிவேட்டுக்கே வெளியில் நிறுத்திற்று. எஞ்சியோர் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஏட்டில் பேரில்லாதிருந்தவர்கள் ஆற்றல் இல்லாதிருந்தவர்கள் ஆவரா?

நிறைப் பிரிவு என்னும் ஏற்பாட்டைக் கண்டவன் நியாயம் அறிந்தவன். சமமானவரைச் சமமானவரோடு நிறுத்திப் பார்ப்பதே அளவை என்று அவன் உணர்ந்திருந்தான். அந்நியாயத்தை இன்னும் ஓரடி கொண்டுசெல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. ஆசிரியர்கள் மாணவரை நிரல்படுத்துகின்றனர். திறனாய்வாளர் எழுத்தாளரை நிரல்படுத்துகின்றனர். பரீட்சைத் திணைக்களம் பிள்ளைகளை நிரல்படுத்துகிறது. நிரல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அஃதின்றி எவ்வுலகமும் இயங்காது. முதலாமவனின் பெயரை எழுதுமுன், கோதாவுக்கு அழைக்கப்படாதவர் யார் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறோம். அவ்வினாவுக்கு விடை தேடிய பின்னும் ரொபின்சன் முதலிடத்திலேயே இருப்பார். பர்லியின் பெயரும் அவரோடு அந்த ஏட்டில் இருக்கும்.