கணினியும் நச்சுநிரலும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் அனுமந்தன்பட்டியில் சில நாட்கள் தங்கியிருந்தோம். அவ்வூர் மாணவர் ஒருவர், மூன்று திங்கள் முயன்றெழுதிய ஆய்வேட்டை அச்சிடுதற்பொருட்டுப் பென் டிரைவில் இட்டுக் கணினிக் கடையொன்றிற்குக் கொண்டு சென்றார். மீண்டு வந்து பார்க்கையில் கோப்புகள் யாவும் மறைந்து, அவற்றின் பெயரால் போலிக் குறிகளே எஞ்சியிருந்தன. வேறு படியும் அவரிடம் இல்லை. அவர் கலங்கி நின்றபோது, உடனிருந்த நண்பர் அதனைத் தம் லினக்ஸ் கணினியில் பொருத்தினார். ஒளிக்கப்பட்டிருந்த ஆய்வேடு அழியாது வெளிப்பட்டது. "லினக்ஸுக்கு நச்சுநிரல் என்பதே இல்லை" என்று நண்பர் பெருமிதங்கொண்டார். இக்கூற்று முற்றும் பொருந்துமாவென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அதில் ஒருபாதி உண்மையே. விண்டோஸுக்கென எழுதப்பட்ட நச்சுநிரல் லினக்ஸில் இயல்பாக இயங்காது. கடவுச்சொல்லிட்டு உரிமை அளித்தாலன்றி லினக்ஸின் அடிப்படைப் பகுதிகளை ஒரு நிரல் மாற்றுதலும் எளிதன்று. மற்றொரு காரணமும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலே திராட்சைத் தோட்டங்களுள் பெரும்பாலனவற்றில் பன்னீர் திராட்சையே படர்ந்திருத்தலின், ஒரு கொடியிற் கண்ட நோய் அடுத்த கொடிகளுக்கும் விரைந்து பரவுகின்றது. மேசைக் கணினிகளுள் பெரும்பாலன விண்டோஸில் இயங்குதலின், தீயோர் கண் அதன்மேலேயே விழுகின்றது.

ஆயினும் மறுபாதி மயக்கமே. 1988 நவம்பரில் இணையத்தைத் திகைப்பித்த மோரிஸ் புழு பற்றியது, லினக்ஸுக்கு முன்னோடியாகிய யுனிக்ஸ் கணினிகளையன்றோ? 2012இல் பிளாஷ்பேக் என்னும் நச்சுநிரல் ஆறு லட்சம் மேக் கணினிகளிற் புகுந்தது. 2016இல் மிராய் என்பது லினக்ஸில் இயங்கிய கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. அவற்றை வாங்கியோர், செய்தோர் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்டமையே அதற்கு வாயிலாயிற்று.

இனி விண்டோஸை நோக்குவோம். 2017 மே 12ஆம் நாள் வான்னாகிரை உலகை உலுக்கிற்று. அதனைத் தடுக்கவல்ல திருத்தமோ மார்ச் 14ஆம் நாளே வெளிவந்திருந்தது. அதனை ஏற்றிக்கொண்டோர் தப்பினர், ஏற்காதோர் அல்லலுற்றனர். மேற்கூறிய கடையின் கணினி விண்டோஸ் 7இல் இயங்குவது. அவ்வியங்குதளத்திற்குப் பொதுமக்கள் பெற்றுவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை நோவதில் பயன் என்னை?

இயங்குதளத்தின் பெயரிலன்று, அதனைப் பேணும் முறையிலேயே காவல் உள்ளது என்பது எம் கருத்து. தமிழ்நாட்டரசு 2011இல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் இடம்பெற்றது. அதனை ஒருமுறையேனும் திறந்து பார்த்தோர் நம்முள் எத்துணையர்? மாணவ நண்பர்காள்! லினக்ஸைக் கற்மின், அது நன்று. எதனைக் கையாளினும், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுமின். அறியா நிரலுக்கு உரிமை அளியாதிருமின். அரிதின் எழுதியதற்கு மற்றொரு படியும் எடுத்து வைம்மின். அம்மாணவரின் ஆய்வேடு மீண்டது நற்பேறே. நற்பேற்றை நம்பி உழைப்பை ஒப்படைத்தல் அறிவுடைமை ஆகாது.