அணைத்த சர்வரும் அணையாத ஊரும்

கேரம் போர்டு செய்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டால் நம் வீட்டு கேரம் போர்டுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பவுடரைத் தூவி ஆடிக்கொண்டே இருக்கலாம். ஆனால், பிள்ளைகள் ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகள் அப்படி இல்லை. நம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருப்பது பாதிதான். யார் எங்கே நிற்கிறார், யாரிடம் என்ன இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் மறுபாதி, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் நம்மிடம் இருக்கும் பாதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்படி அணைக்கப்பட்ட ஒரு விளையாட்டை ரசிகர்கள் மீட்ட கதை இது.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2004 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியானது. மாதச் சந்தா சுமார் 15 டாலர். அதில் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு சூப்பர் ஹீரோவைப் படைத்துக்கொள்ளலாம். முகமூடி, உடை, சக்தி, பெயர், பூர்வகதை எல்லாம் உங்கள் விருப்பம். பாரகன் சிட்டி என்ற கற்பனை நகரத்தை வில்லன்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் வேலை. ஆனால், பலர் அந்த வேலையை மறந்துவிட்டு அட்லஸ் சிலையடியில் கூடி அரட்டை அடித்தார்கள். உடை அலங்காரப் போட்டி வைத்து, ஜெயித்தவருக்கு விளையாட்டுப் பணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். சண்டையைவிட இந்தத் திண்ணைப் பேச்சுதான் அவர்களைக் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன்.

2012 ஆகஸ்ட் 31 அன்று, விளையாட்டை நடத்திவந்த தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் மூடுவிழா அறிவித்தது. ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். விளையாட்டுக்குள்ளேயே, நகர மண்டபத்தின் முன் தங்கள் ஹீரோக்களின் கையில் தீப்பந்தம் கொடுத்து நிறுத்தினார்கள். பலனில்லை. நவம்பர் 30 அன்று சர்வர்கள் அணைந்தன.

அடுத்து நடந்ததுதான் சங்கடமானது. சர்வரை இயக்கும் புரோகிராம் ஒரு சிறு ரசிகர் குழுவின் கைக்குப் போயிருந்தது. அவர்கள் பல வருடங்கள், தெரிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ரகசியமாக ஆடிவந்தார்கள். வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் 'போனது போனதுதான்' என்று துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரலில் விஷயம் கசிந்தபோது வெடித்த கோபம் சாதாரணமானதல்ல. 'வெளியே சொன்னால் கம்பெனி வழக்குப் போட்டு ஒரேயடியாக ஒழித்துவிடும்' என்பது ரகசியம் காத்தவர்களின் நியாயம். அது பொய்யான பயமில்லைதான். ஆனாலும் எனக்குக் கோபப்பட்டவர்கள் பக்கமே சாயத் தோன்றுகிறது. நாலு பேர் கையில் மட்டும் இருக்கும் பொருள், அந்த நாலு பேர் சலித்துப்போகும் நாளில் அழிந்துவிடும். சுவடி விஷயத்தில் நமக்குத் தெரியாததா?

எதிர்ப்பு வலுத்ததும் அந்த புரோகிராம் பொதுவெளிக்கு வந்தது. ஆளுக்கொரு பக்கம் சர்வர் தொடங்கினார்கள். அவற்றில் பெரியது 'ஹோம்கமிங்'. சந்தா கிடையாது. அந்தந்த மாதச் செலவுக்கு நன்கொடை வாங்குகிறார்கள்; தேவையான தொகை சேர்ந்ததும் உண்டியலை மூடிவிடுகிறார்கள். (இதை நம் ஊர் விழாக் கமிட்டிகள் சில கவனிக்கலாம்!) வேலை செய்பவர்கள் தன்னார்வலர்கள். பழையதை ஓட்டுவதோடு நிற்காமல், புதிய கதைகளும் சேர்த்தார்கள். ஒரு குறைதான்: அங்கே பழைய ஹீரோ திரும்பக் கிடைக்கவில்லை. அதே பெயர், அதே உடை என்று ஞாபகத்திலிருந்து மறுபடி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

2024 ஜனவரியில், மூடி 11 வருடங்கள் கழித்து, என்சிசாஃப்ட்டே ஹோம்கமிங்குக்கு முறைப்படி உரிமம் கொடுத்தது.

எல்லோருக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. டிஸ்னி நடத்திய சிறுவர் விளையாட்டான 'கிளப் பெங்குவின்' 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதைப் பிரதியெடுத்து ரசிகர்கள் நடத்திய ஒரு சர்வரை 2022 ஏப்ரலில் லண்டன் போலீஸ் முடக்கியது. காப்புரிமை மீறல் சந்தேகத்தில் மூன்று பேர் கைதானார்கள். இங்கேயும் அன்புக்குக் குறைவில்லை. உரிமையாளர் கண்டுகொள்ளாமல் விடுவாரா, அனுமதிப்பாரா, போலீஸை அழைப்பாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது என்கிற குரல் இப்போது ஐரோப்பாவில் பலமாகக் கேட்கிறது. காசு கொடுத்து வாங்கிய 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை யுபிசாஃப்ட் 2024 மார்ச் கடைசியில் அணைத்ததும், 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் தொடங்கியது. விளையாட்டைக் காலமெல்லாம் நடத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஆடிக்கொள்ள ஒரு வழியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-க்குள் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டிவிட்டார்கள்.

பாரகன் சிட்டியில் இப்போதும் அட்லஸ் சிலையடியில் கூட்டம் கூடுகிறது. விளையாட்டின் சொந்தக்காரர் இன்னமும் என்சிசாஃப்ட்தான்.