உங்கள் தகவல் இன்னொருவர் திரையில் தெரிந்தால்...?

பிள்ளை போகும் துணைப்பாட நிலையம், நீங்கள் போகும் மருந்தகம், பக்கத்து முடிதிருத்தும் கடை. மூன்றும் முன்பதிவுக்கு ஒரே மென்பொருளைப் பயன்படுத்தலாம். வாடிக்கையாளர் தகவல்கள் அனைத்தும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கலாம்.

அது ஆபத்தா?

சேர்ந்திருப்பதில் தவறில்லை. வீவக புளோக்கில் மின்தூக்கி எல்லாருக்கும் பொது. ஆனால் வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறது. மென்பொருளில் அந்தச் சுவர் வெறும் நிரல் வரிதான். ஒவ்வொரு பதிவிலும் 'இது யாருடையது' என்ற அடையாள எண் இருக்கும். தகவலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் போதும், சுவர் இல்லை.

இங்கே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2019 ஆகஸ்ட் 30ஆம் தேதி கிராப் தன் செயலியைப் புதுப்பித்தது. ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வதுதான் நோக்கம். அதற்காக, தகவல் கேட்கும் இணைய முகவரியிலிருந்து பயனீட்டாளர் எண் நீக்கப்பட்டது.

ஆனால் வேகத்துக்காகத் தகவலைச் சில விநாடி பிடித்து வைக்கும் தற்காலிகச் சேமிப்பு அந்த எண்ணை நம்பித்தான் இயங்கியது. எண் போனதும், கேட்பது யார் என்று அதற்குத் தெரியவில்லை. ஒருவருக்கு எடுத்ததை அடுத்தவருக்கும் கொடுத்தது.

கிராப்ஹிட்ச் ஓட்டுநர்கள், பயணிகள் 21,541 பேரின் தகவல்கள் மற்றவர் பார்க்கக்கூடிய நிலைக்கு வந்தன. சுமார் 40 நிமிடத்தில் பழைய பதிப்பு திரும்பியது. 2020இல் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 10,000 வெள்ளி அபராதம் விதித்தது. புதுப்பிப்பு சரியாகச் சோதிக்கப்படவில்லை என்பது அதன் முடிவு.

கவனியுங்கள், யாரும் ஊடுருவவில்லை. 2023 மார்ச்சில் சாட்ஜிபிடியில் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்ததற்கும் தற்காலிகச் சேமிப்பு தொடர்பான பிழைதான் காரணம்.

எப்படித் தடுப்பது?

போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் பதிவு வாரியாக அனுமதி வகுக்கலாம். நிரலாளர் மறந்தாலும் தரவுத்தளமே மறுத்துவிடும். ஆனால் தரவுத்தளத்தை விட்டு வெளியே போன நகலை அது காக்காது. நிறுவனத்துக்கு ஒரு தரவுத்தளம் என்று பிரித்தால் சுவர் இன்னும் பலமாகும், செலவும் கூடும்.

நீங்கள் கடை நடத்துகிறீர்களா?

மென்பொருள் வேறொருவருடையது என்று கைகழுவ முடியாது. சட்டப்படி வாடிக்கையாளர் தகவலுக்கு நீங்களும் பொறுப்பு. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டது உறுதியானால், 3 நாளுக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அபராதம் 1 மில்லியன் வெள்ளி வரை போகலாம். பெரிய நிறுவனங்களுக்கு அதைவிடவும் அதிகம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒன்று கேளுங்கள்: "ஒரு வாடிக்கையாளர் கணக்கிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடிகிறதா என்று ஒவ்வொரு புதுப்பிப்புக்கு முன்பும் சோதிக்கிறீர்களா?" பதில் தயங்கித் தயங்கி வந்தால் யோசியுங்கள்.

வாடிக்கையாளரா?

செயலியில் முன்பின் தெரியாதவரின் விவரம் வந்தால், படமெடுத்து வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள். உடனே நிறுவனத்திடம் சொல்லுங்கள். அவருடையது உங்களுக்குத் தெரிகிறது என்றால், உங்களுடையதும் வேறு யாருக்காவது தெரிந்துகொண்டிருக்கலாம்.