குற்றவாளி யார்? கால்களா, கருவியா?



“சைக்கிள் சரியில்லை, அப்பா” என்றான் என் மகன். “சைக்கிள் சரியில்லையா, நீ சரியில்லையா?” என்று கேட்டேன். “கேள்வியே தவறு, ஐயா” என்று சொல்லும் மாணவனிடமும் நம்மில் பலர் இப்படித்தான் கேட்கிறோம். அவன் இரண்டு வாரம் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. என் தவற்றை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ‘ஸ்மார்ட்’ வகை உடற்பயிற்சி மிதிவண்டி. அதில் ‘எர்க்’ என்றொரு முறை உண்டு. செயலியில் 120 வாட் என்று குறித்துவிட்டால், நாம் விரைந்து மிதித்தாலும் மெல்ல மிதித்தாலும் வண்டியே தடையைக் கூட்டியும் குறைத்தும் அந்த அளவைக் காக்க வேண்டும். எங்கள் வண்டியோ ஒரு நிமிடம் 80 காட்டியது. மறுநிமிடம் 160க்குத் தாவியது.

விற்றவரிடம் கேட்டேன். “பையனுக்குக் கால்வலு போதாது. இல்லையென்றால் புது வண்டி வாங்குங்கள்” என்றார். எவ்வளவு எளிதான தீர்ப்பு! ஒன்று, பயன்படுத்துபவன்மேல் பழி; இல்லையேல், பொருள் குப்பைக்கு. இடையில் சோதனை என்று ஒன்று உண்டே, அது எங்கே போயிற்று?

கால்கள்மீது ஐயம் கொள்ளவும் காரணம் உண்டு, மறுக்கவில்லை. மிதிக்கும் விசையும் சுழற்சி வேகமும் சேர்ந்ததே திறன். 120 வாட் மாறாதிருக்க, நிமிடத்திற்கு 80 சுற்று 40 ஆகக் குறைந்தால் விசை இருமடங்காக வேண்டும். வண்டி கனக்கும், கால் தளரும், வண்டி மேலும் கனக்கும். இது பழுதன்று, அம்முறையின் இயல்பு. ‘எர்க்’கைச் சற்றே நிறுத்தி, சுழற்சியை மீட்டபின் தொடர்ந்தால் போதும். ஆனால், இதுதான் காரணம் என்று யார் சோதித்தார்?

அறிவியல் வகுப்பில் என்ன கற்பிக்கிறோம்? தற்சார்பு மாறி ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றைக் கட்டுப்படுத்து என்கிறோம். வீட்டில் என்ன செய்கிறோம்? செயலியை அழிக்கிறோம், மென்பொருளைப் புதுப்பிக்கிறோம், அளவைச் சீர்செய்கிறோம். எல்லாம் ஒரே மாலையில்! சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

என் மகன் அப்படிச் செய்யவில்லை. தாளும் பேனாவுமாக அமர்ந்தான். முதல் நாள், 80 சுற்று பிசகாமல் மிதித்தான். திறன் அப்போதும் தாவியது. கால்கள் விடுதலை! இரண்டாம் நாள், பத்து நிமிடம் மிதித்து வண்டியைச் சூடேற்றியபின் அளவைச் சீர்செய்தான். வெப்பம் மாறினால் உணரியின் அளவும் பிசகக்கூடும் அல்லவா? பயனில்லை. ஒவ்வொரு மிதியிலும் திறன் ஏறி இறங்குவது இயல்பு என்பதால், மூன்றாம் நாள் திரையை 3 நொடிச் சராசரிக்கு மாற்றினான். சிறு நடுக்கம் மறைந்தது, பெருந்தாவல் மறையவில்லை.

நான்காம் நாள், கூடத்தில் இருந்த என் தட்டைக்கணினியை அணைத்தான். கோடு நேரானது! ஐந்தாம் நாள் மீண்டும் திறந்தான், தாவல் திரும்பியது.

காலையில் நான் முடிக்காமல் விட்ட மலைப்பாதைப் பயணம் அதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவனுடைய கணினி ‘ஆன்ட் பிளஸ்’ வழியாக “120 வாட்” என்று கட்டளையிட, என் கருவி புளூடூத் வழியாக “மேடு வருகிறது, இறுக்கு” என்று கட்டளையிட்டிருக்கிறது. ஒரு பள்ளிக்கு இரண்டு தலைமையாசிரியர்கள்! வண்டி பாவம், என்ன செய்யும்?

ஆக, குற்றவாளி காலும் அன்று, கருவியும் அன்று. நான்தான்!

பெற்றோர்களே, பிள்ளை “இது சரியில்லை” என்றால் பழிக்காதீர்கள். அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். “எப்படித் தெரியும்? சோதித்துக் காட்டு” என்று கேளுங்கள். ஆசிரியர்களே, நாம் கற்பிக்கும் அறிவியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுமானால், அதைக் கற்பித்து என்ன பயன்?

மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “முதலில் பயணத்தை முடியுங்கள், அப்பா.”