‘பழகிடும்’னு சொல்றவங்களுக்கு...



தீபாவளி நெருங்கினால் எங்கள் புதியம்புத்தூரில் ராத்திரி என்று ஒன்று கிடையாது. மானாவாரிக் கரிசல் பூமிக்கு நடுவே ரெடிமேட் துணி தைத்துப் பிழைக்கும் ஊர் இது. ‘விடிய விடிய மெஷின் ஓடுது, உழைப்பாளி ஊருய்யா!’ என்று பெருமை வேறு. ஆனால் ராத்திரி தைத்தவர் பகலில் சோர்ந்து உட்கார்ந்தால் ‘சோம்பேறி’. கேட்டால், ‘நாலு நாள்ல உடம்பு பழகிடும்’ என்கிறார்கள்.

அவ்வளவு லேசில் பழகாது சார்!

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நடுராத்திரி வாக்கில் அது மிகக் குறைவு. விடியும் முன்பே ஏறத் தொடங்கி, கண் விழித்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். இதற்கு நேரம் குறிப்பது மூளையில் இருக்கும் கடிகாரம். அந்தக் கடிகாரம் பார்ப்பது சூரிய வெளிச்சத்தை, முதலாளியின் ஆர்டரை அல்ல! இரவு வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது முழுசாக மாறுவதே இல்லை. ராத்திரி மூணு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் ‘படு’ என்கிறது, காலை ஏழு மணிக்குப் படுத்தால் ‘எழுந்திரு’ என்கிறது. சோம்பலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கார்டிசால் சுரக்காத அடிசன் நோயாளிக்குக்கூட டாக்டர்கள் பெரிய டோஸைக் காலையில்தான் கொடுப்பார்கள். ராத்திரி கொடுத்தால் தூக்கம் கெடும். இன்ஸ்டாகிராமில் ‘கார்டிசால் குறைக்கும் பானம்’ விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இங்கே கெட்டது அளவு மட்டுமல்ல, நேரம். நேரத்தைப் பொடி கலக்கிக் குடிக்க முடியாது :-)

சோர்வோடு போகிற விஷயமும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல், உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் ‘2ஏ’ பட்டியலில் சேர்த்தது. 2019-இல் இரவு வேலையை மறுபடி ஆராய்ந்து, அதே பட்டியலில் வைத்தது.

‘ராத்திரி தைக்கலைன்னா காசுக்கு எங்க போறது?’ நியாயமான கேள்வி. பீஸ் ரேட்டில் தைப்பவர் ஆசைப்பட்டா முழிக்கிறார்? 1948 தொழிற்சாலைச் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. வீட்டுத் திண்ணையில் தைத்தவருக்கு அது எட்டவே இல்லை.

எனவே ஆர்டர் கொடுப்பவர்களே, ஒரு மாதம் முன்னாடி கொடுங்கள். அவசரம் உங்களுடையது என்றால் ராத்திரி பீஸுக்குக் கூடுதல் ரேட்டும் உங்களுடையதுதான். மற்றவர்களே, பகலில் தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். உங்கள் தீபாவளிச் சட்டையில் அவருடைய தூக்கமும் சேர்ந்தே தைக்கப்பட்டிருக்கிறது.