மணலில் நடக்கும் குதிரை
சென்னை மெரினாவில் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்து நடக்க, பிள்ளைகளைச் சுமந்து செல்லும் குதிரைக்கும் வேலை நேரம் வரையறுக்கப்பட வேண்டும். உலர்ந்த மணலில் குளம்பு புதைவதால் அடிக்கு அடி கால் தசைநாண்கள் கூடுதலாக இழுபடுகின்றன. அலை நனைத்து இறுகிய ஈரமணல் அவ்வளவு வருத்தாது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. ஆளைச் சுமப்பதும் சுமைதானே? குதிரைக்காரரின் பிழைப்பு கெடும் என்பார்கள். கடற்கரையில் கூட்டம் சேர்வதே வெயில் தாழ்ந்த பிறகுதான். சவாரியையே தடைசெய்யச் சொல்வோரின் இரக்கம் புரிகிறது. ஆனால் வருமானம் நின்றபின் அந்தக் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் யார் போடுவார்கள்? இப்போதைக்கு அதற்கு வேண்டியது நிழல், தண்ணீர், ஈரமணலில் ஒரு தடம்.